கேட்காமல் சேர்த்த பெயர்கள்

திங்கள்

காலையில் கூடிய மேகம் பத்து மணிக்கெல்லாம் கலைந்துவிட்டது. ஐப்பசி பிறந்தும் கரிசலில் விதைக்க ஈரம் பத்தவில்லை.

கம்பெனியில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்குகிறார்கள். இருநூற்றுச் சொச்சம் பேரை ஒரே கூகுள் சேட் ஸ்பேஸில் சேர்க்கும் வேலை என் தலையில். அருப்புக்கோட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து ஏபிஐ வழியாகச் சேர்க்க ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்பேஸின் அடையாளத்தைச் சொல்லி அதன் மெம்பர்ஸ் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை. உள்ளே ஆளின் மின்னஞ்சல், வகை ‘ஹியூமன்’. ‘பாட்’ எனும் நிரலும் உறுப்பினராகலாம் என்பதால் மனுசனை மனுசன் என்று எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு கோரிக்கைக்கு ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டுத் தறியில் பாவு தீர்ந்துவிட்டது. அந்த அக்கா பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். நான் லூப் போட்டுவிட்டுக் காப்பி குடித்தேன்.

செவ்வாய்

சிலருக்கு 409: ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள், விட்டுவிடலாம். நடுவில் 429: வேகம் வரம்பை மீறிவிட்டது. கொஞ்சம் நின்று, அப்புறம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நின்று அனுப்பச் சொன்னேன். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற வெளியாட்கள்தான் சிக்கல். அவர்களை உள்ளே விடலாமா என்பதை ஸ்பேஸை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. உருவாக்கியவர் யாரென்று பார்த்தால், நான். புதிதாக ஒன்று தொடங்கி எல்லாரையும் முதலிலிருந்து சேர்த்தேன்.

புதன்

மேலாளர் கேட்டார், “எல்லாரும் சேந்தாச்சா?” சேர்ந்தாயிற்று என்றேன். மதியம்தான் உறைத்தது. அழைப்புகளைத் தானாக ஏற்கும் வசதியை ஒருவர் அணைத்து வைத்திருந்தால், இதே கோரிக்கை அவரைச் சேர்க்காது, அழைக்க மட்டும் செய்யும். அவர் சம்மதித்தால்தான் உள்ளே. இரண்டுக்கும் வெற்றி என்றே பதில் வருகிறது. அதற்குள் ‘ஸ்டேட்’ என்ற வரியைப் பிரித்துப் படித்தால்தான் ‘ஜாயின்ட்’டா ‘இன்வைட்டட்’டா என்று தெரியும். பன்னிரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள். நான் தலையை எண்ணியிருந்தேன், வரியைப் படிக்கவில்லை.

ராத்திரி அம்மா, “திருச்சுழி மாமா கம்மாய் குரூப்புல இல்லையாமே, ஒனக்குத் தெரியாதா?” என்றது.

வியாழன்

தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். கண்மாய் ஆயக்கட்டுக்காரர்களுக்குப் போன வருசம் வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் நான், அட்மினும் நான். நம்பர் கிடைத்தவரையெல்லாம் அள்ளிப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. முன்பு ஒருவர் வெளியேறினால் குழு முழுக்கத் தெரியும், பந்தியிலிருந்து இலையை உதறிவிட்டு எழுந்த மாதிரி. 2022-இல் அதை மாற்றினார்கள். இப்போது அட்மினுக்கு மட்டும்தான் சொல்லும். மாமா வெளியேறியதையும் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

மறுபடி சேர்க்கப் பார்த்தேன், சேர்க்க முடியவில்லை, தனியாக அழைப்பு அனுப்பவா என்று கேட்டது. யார் தன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்று அவரவரே முடிவு செய்யும் வசதி 2019 ஏப்ரலில் வந்தது, இந்தியாவில் தேர்தல் நேரம். கட்சிக் குழுக்களுக்குப் பயந்து நானும் போட்டுக்கொண்டேன். மாமா மகளுக்குப் போன் போட்டேன். “தொடர்பில் உள்ளவர்கள் சேர்க்கலாம், இன்னார் தவிரன்னு ஒரு பட்டியல் இருக்குல்ல மச்சான், அதுல ஒங்க பேரு மட்டுந்தான் இருக்கு. அப்பா சொல்லித்தான் போட்டேன்” என்று சிரித்தது.

ஞாயிறு

பஸ்ஸில் திருச்சுழி போனேன். வழிநெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். குண்டாற்றில் மணல்தான் தெரிந்தது. மாமா திண்ணையில் உளுந்து விதையைச் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“பத்திரிகையத் தபால்ல அனுப்புனாலே கல்யாணத்துக்குப் போகாத ஆளுக நாங்க. நீ சேக்கும்போதும் ஒரு வார்த்த கேக்கல. சரி, புதுப் பழக்கம்னு விட்டேன். வெளிய வந்து எட்டு மாசமாச்சு. அப்பவும் ஏன்னு கேக்கல.”

எட்டு மாசம். ஏபிஐ-யாக இருந்தால் அனுமதியில்லை என்பதற்கு 403 என்று ஒரு எண்ணைச் சொல்லி நிறுத்தியிருக்கும்.

“தப்புத்தான் மாமா. இப்பக் கேக்குறேன், சேர்றீகளா?”

சுளகைத் தட்டிக் கல்லைப் பொறுக்கினார். “அனுப்பு, பாப்போம்.” அத்தை சோறு போட்டது. அங்கே இருந்தபடியே அழைப்பை அனுப்பினேன். அது மூன்று நாள்தான் செல்லும்.

புதன்

கம்பெனியின் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி போட்டிருந்தேன். ஒன்பது பேர் வந்துவிட்டார்கள்.

மாமாவுக்கு அனுப்பிய அழைப்பு இன்று சாயங்காலம் காலாவதியாகிவிட்டது. இருட்டின பிறகு நல்ல மழை. எட்டு மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

“அங்கிட்டு மழை எப்படி? கம்மாய்க்குத் தண்ணி வந்தா ஒரு போன் போட்டுச் சொல்லிரு, என்ன?”