கைமாறும் அமானிதம்



குழந்தை பிறந்தபின் தாய் தன் விருப்பங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நம் குடும்பங்களில் எவரும் சட்டம் போடுவதில்லை. ஆயினும் அவ்வாறே நடக்கிறது. தந்தையின் காலை நடையோ நண்பர் சந்திப்போ நிற்பதில்லை. இதை என்னைச் சிந்திக்க வைத்தது ஓரியன்டியரிங் என்னும் விளையாட்டு.

வரைபடமும் திசைகாட்டியும் ஏந்தி, காட்டில் வைக்கப்பட்ட அடையாளக் கொடிகளை வரிசை தவறாமல் கண்டடைந்து, விரைவாகத் திரும்புவதே இப்போட்டி. 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தது. வரைபடத்தில் வெள்ளை நிறம் தடையின்றி ஓடத்தக்க காடு; அடர்பச்சை புதர் மண்டிய இடம்; பழுப்புக் கோடுகள் மேடுபள்ளங்கள். எவ்வழியே செல்வது என்பதை ஓடுபவரே தீர்மானிக்க வேண்டும். கால்வேகத்தைவிடத் தெளிந்த மனமே இதற்குத் தேவை. இரவில் நான்கு முறை விழிக்கும் பெற்றோருக்கு அதுதான் அரிது.

லண்டனில் குடியேறிய நாள்முதல் என் மனைவிக்கு இதில் ஈடுபாடு உண்டு. முட்செடிகளுக்கு அஞ்சிப் பலரும் நீண்ட உடையே அணிவதால், உடை பற்றிய தயக்கமும் அவளுக்கு எழவில்லை. மணமாகிப் பதினோராண்டுகளுக்குப் பின் அல்லாஹ் எங்களுக்கு ஒரு மகளை அருளினான். அதன்பின் ஏழு மாதங்கள் அவளுடைய ஓட்டக் காலணிகள் அலமாரியிலேயே கிடந்தன. எப்பிங் காட்டில் போட்டி என்றறிந்தபோது, போகலாமா என்று கேட்கவும் தயங்கினாள்.

“பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடலாமா வாப்பா?” என்று ஊரிலிருந்து உம்மா கேட்டார். அவரது அச்சம் நியாயமானது. அதற்கான விடை போட்டியின் ஏற்பாட்டிலேயே இருந்தது. பிரிட்டனில் இப்போட்டிகளை நடத்துவோர், சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு வெவ்வேறு புறப்பாட்டு நேரம் ஒதுக்குவதுண்டு. ஒருவர் ஓடித் திரும்பியதும் மற்றவர் புறப்படலாம்.

மகளுக்குப் பாலூட்டிவிட்டு அவள் புறப்பட்டாள். குழந்தை இருபது நிமிடம் அழுதது. தோளில் சாய்த்துக்கொண்டு மரங்களினூடே நடந்தேன், பிறகு உறங்கிப்போனாள். “மனைவிக்கு உதவுகிறீர்களே” என்று ஒருவர் பாராட்டினார். தன் பிள்ளையைத் தான் வைத்திருப்பது எவருக்குச் செய்யும் உதவி? பால்மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்துத் தீர்மானிப்பதைத் திருக்குர்ஆன் (2:233) எடுத்துரைக்கிறது. பிள்ளை இருவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

சேறு படிந்த காலுடனும் மலர்ந்த முகத்துடனும் அவள் திரும்பினாள். அடுத்து நானும் அதே பாதையில் ஓட வேண்டியிருந்ததால், வரைபடத்தை மடித்து மறைத்துக்கொண்டாள். “கடினமா?” என்றேன். “போய்ப் பாருங்கள்” என்றாள். ஒரு குறிப்பும் தரவில்லை. அதுவும் ஓர் அமானிதமே. நான் முடித்துத் திரும்பியபோது, அவளுடைய நேரம் என்னுடையதைவிடப் பதினொரு நிமிடம் குறைவு என்று தெரிந்தது.

சுவிட்சர்லாந்து வீராங்கனை சிமோன் நிக்லி 2011இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2012இல் லொசானில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்றார். முன்பெல்லாம் இத்தகைய செய்திகளில் வெற்றியை மட்டுமே கண்டேன். அவர் காட்டில் ஓடிய வேளையில் குழந்தைகளை ஏந்தியிருந்த கைகளையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அன்றிரவு உம்மாவிடம், “அவள் ஓடும்போது பிள்ளை என்னிடம்தான் இருந்தாள்” என்றேன். சற்று மௌனமாக இருந்தார். “உன் வாப்பா உன்னை ஒரு மணி நேரம்கூடத் தனியாக வைத்திருந்ததில்லை” என்றார். அவர் குரலில் இருந்தது குறையா, வியப்பா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு, “அடுத்த போட்டி எப்போது?” என்று கேட்டார்.

இளம் தந்தையரே, உங்கள் மனைவி காட்டில் ஓட விரும்பாமலிருக்கலாம். நூல் வாசிக்கவோ, தோழியைக் காணவோ, அமைதியாக உறங்கவோ விரும்பலாம். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அது நாம் அளிக்கும் சலுகையன்று; அவர்களுடைய ஹக்.