ஏச்சுக்கு யார் சொந்தக்காரர்?

எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் 'காலா' 2007இல் வந்தது. தலைப்பு அவருடைய அம்மாவின் பெயர். முதல் பாட்டு 'பேம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' துண்டாக வருகிறது. இரண்டாவது பாட்டு 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி, கோழிச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், கூடவே 'ஜெயம்' படப் பாட்டிலிருந்து ஒரு துணுக்கு.

கிள்ளான் பக்கம் வளர்ந்த யாருக்கும் உறுமி புதிதல்ல. திருவிழாவிலும் கேட்போம், சாவு வீட்டிலும் கேட்போம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அது ஒரு கோழிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், முதல் தடவை கேட்பதுபோல் காது நிமிர்ந்தது. ஒட்டு இசையின் வேலையே இதுதான். சத்தத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்து எடுத்தால்தான் அது என்ன சத்தம் என்று தெரிகிறது.

1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒரு படைப்பை உருவாக்கினார். அதற்கு அவர் டேப்பைக்கூடப் பயன்படுத்தவில்லை, இசைத்தட்டுதான். ரயில் வழக்குப் போடாது. ஆனால் கனடாவின் ஜான் ஆஸ்வால்ட் 1989இல் பிரபலங்களின் பாட்டுகளை வெட்டி ஒட்டி, இலவசமாகவே கொடுத்த 'பிளண்டர்ஃபோனிக்ஸ்' குறுந்தட்டுக்கு எதிர்ப்பு வந்தது. கையிருப்பில் இருந்த பிரதிகளை அழிக்க வேண்டியதாயிற்று. பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. 'காலா'வின் உரிமைக் குறிப்பிலும் இளையராஜாவின் பெயர் இருக்கிறது.

பாட்டாக இல்லாத சத்தத்துக்கு?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகள் இருக்கின்றன. அப்பாவின் ரெக்கார்டர் ரேடியோவோடு சேர்ந்தது இல்லை. அதனால் ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பதிவு செய்வார். பாட்டோடு வீடே உள்ளே போய்விடும். ராஜா பாட்டின் நடுவில் லோரி போகும், சேவல் கூவும், பாட்டி ஏசுவார்: "வெளக்கு வைக்கிற நேரத்துல கதவ தொறந்து போட்டுட்டு எங்கடா போன? கோழி உள்ள வருது பாரு!" 90 நிமிடக் கேசட்டில் பாட்டியின் குரல் மட்டும் எப்படியும் பத்து இடத்தில் விழுந்திருக்கும்.

போன வருடம் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, ஆடாசிட்டியில் வெட்டத் தொடங்கினேன். நான்கு நிமிடத்துக்கு ஒரு ஒட்டு இசை செய்வதாக எண்ணம். ஒரு கேசட்டின் மறுபக்கத்தில் தாத்தாவின் கருமக்கிரியை இருந்தது. சித்தப்பா தேவாரத்துக்காக வைத்த ரெக்கார்டரில் பாட்டியின் ஒப்பாரியும் விழுந்திருக்கிறது. மூச்சு வாங்கும் இடத்தில் டேப்பின் இரைச்சல் மேலெழும்பி வருகிறது. அந்த டின்னில் இருந்த எல்லாச் சத்தத்திலும் அதுதான் பெரியது. அதை ராஜாவின் வயலினோடு ஒட்டினால் கேட்பவர்கள் கலங்கிவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"அத்தை அழுதது யாரும் கேக்கணும்னு இல்ல. ஏசுனது ஊருக்கே கேக்கணும்னுதான் ஏசுனாங்க. அத போட்டுக்கோ."

இதைவிடத் தெளிவாக ஒரு காப்புரிமை விதியை நான் படித்ததில்லை. ராஜா பாட்டை அனுமதியில்லாமல் வெளியிட்டால் யாராவது கடிதம் அனுப்பக்கூடும். பாட்டியின் அழுகைக்கு ஒரு நிறுவனமும் அனுப்பாது. அதனால்தான் அதை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. கேட்க ஆளில்லாத சத்தத்தைத்தான் நாம் கண்டெடுத்த சத்தம் என்கிறோம். அது கீழே கிடந்ததில்லை. ஒருவர் தொண்டையிலிருந்து, ஒருவரை நினைத்து வந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எல்லாரிடமும் அனுமதி கேட்டால் இந்த இசையே இருக்காதாம். இருக்கலாம். எல்லாரிடமும் கேட்க முடியாதுதான். ஆனால் அந்தக் குரல் எதற்காக எழுந்தது என்று வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க முடியும். கூவி விற்றவர், மேடையில் கத்தியவர், பேரனை ஏசியவர் எல்லாரும் பிறர் காதுக்காகவே குரல் கொடுத்தவர்கள். அழுதவர் அப்படியில்லை.

இப்போது என் நான்கு நிமிடத்தில் லோரி இருக்கிறது, சேவல் இருக்கிறது, பாட்டி பதினோரு தடவை ஏசுகிறார். ஒப்பாரி இருந்த கேசட்டை அம்மா அந்த டின்னில் திரும்ப வைக்கவில்லை. தன் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.