அப்பாவின் 555 புத்தகமும் பத்தடி வீடும்

கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தேன். ஹாலில் இருந்த சோபாவைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார் அப்பா. தரையில் மஞ்சள் டேப் ஒட்டி நீளமாக ஒரு கட்டம். அதற்குள்ளே ஒரு மெத்தை, இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள், சின்ன கேஸ் அடுப்பு. மெத்தையின் ஓரத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்து வாம்மா, சுவத்துல இடிச்சுக்கப் போற" என்றார் அப்பா, டேப்பைக் காட்டி.

பத்தடி நீளம், ஐந்தடி அகலம். ஒரு டொயோட்டா ஹையேஸ் வேனில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கிடைக்கும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கப் போகிறார்களாம். சமையல், தூக்கம், சண்டை எல்லாம் உள்ளே. கழிவறைக்கு மட்டும் வெளியே போகலாம். யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதையும் அப்பா 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மளிகைக் கடைக் கடன் கணக்குக்கு எல்லாரும் வைத்திருந்தோமே, அதே 555 புத்தகம்தான்.

அப்பா கேடிஎம் ரயில் ஓட்டுநராக இருந்தவர். வடக்கே பாடாங் பெசார், கிழக்கே கெமாசிலிருந்து காட்டு வழியாகத் தும்பாட் வரைக்கும் அவர் போகாத தண்டவாளம் இல்லை. "எல்லா ஊரும் எனக்குத் தெரியும். ஆனா எறங்கினா தூங்கத்தான் எறங்குவேன்" என்பார். போன வருடம் அறுபது வயதில் ஓய்வு பெற்றார். மூன்று மாதம் தோட்டத்துக் கத்தரிச் செடிகளைக் கவனித்தார். பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்: "வீட்ட வித்துட்டு ஒரு வேன் வாங்கப் போறோம். அதுலயே இருக்கப் போறோம்."

"சினிமாக்காரங்க உட்காருவாங்களே, அந்தக் கேரவனா?" என்று கேட்டார் அம்மா. அவருக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைத்தேன். அது தவறு என்பது பின்னால்தான் புரிந்தது.

நான் வானொலி அறிவிப்பாளர். இரவு நிகழ்ச்சி. வீட்டை விற்கலாமா, மகளோடு போய் இருக்கலாமா, சேமநிதிப் பணத்தை என்ன செய்யலாம் என்றெல்லாம் நேயர்கள் அழைப்பார்கள். நான் நிதானமாகப் பேசுவேன். சொந்த அப்பா கேட்டபோது அந்த நிதானம் வரவில்லை. ஐம்பத்தைந்தில் எடுத்த சேமநிதி வீட்டுக் கடனை அடைக்கவே போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒரே சொத்து அந்த வீடு. அதை விற்றுவிட்டு, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு போவதா? கத்தினேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "முடியாதுன்னு சொல்றியே, எது முடியாதுன்னு ஒண்ணு ஒண்ணா எழுதிக் குடு" என்றார்.

அப்படித்தான் நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். உதவி செய்ய இல்லை. தடுத்து நிறுத்த.

இந்த வாழ்க்கையைப் பற்றி எழுதப்படுவதும் படம் பிடிக்கப்படுவதும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருபவை. ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற பிறகு வண்டியோடு நாட்டைச் சுற்றுகிறவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்று செல்லப்பெயரே உண்டு. அங்கெல்லாம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மின்சாரம், தண்ணீர், கழிவைக் கொட்டும் குழி மூன்றும் கிடைக்கும் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய 'நோமேட்லேண்ட்' இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வீட்டுக்கு வழியில்லாமல் வேனுக்குள் போன முதியவர்களின் கதை அது. அப்பாவை உட்கார வைத்து அதைப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "பக்கெட்ட பார்த்தியா, அந்த சைஸ் நமக்குப் பத்தாது" என்றார்.

ஆனால் அந்த நாட்டு ஆலோசனைகளில் பாதி குளிரைப் பற்றியது. எந்த ஹீட்டர் நல்லது, குழாயில் தண்ணீர் உறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. நமக்குப் பிரச்சினை நேர் எதிர். இரவு பதினோரு மணிக்கும் புழுங்கும். ஏர்கோன் இல்லாமல் தகரப் பெட்டிக்குள் எப்படித் தூங்குவது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அதற்குப் பதில் தேடினால் நேராக பேட்டரியில் போய் நிற்போம்.

அப்பாவின் கணக்கை அப்படியே தருகிறேன். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் எடுக்கும். நம் வெயிலில் ஒரு நாளில் பாதி நேரமாவது ஓடும். அது 540 வாட்-மணி. இரவெல்லாம் இரண்டு சின்ன மின்விசிறி, 400. அரிசி குக்கர் அரை மணி நேரம், 200. விளக்கு, கைத்தொலைபேசி எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1,240. இப்போது எல்லாரும் பரிந்துரைக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 100 ஆம்பியர்-மணி அளவில் ஒன்று வாங்கினால், அதில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதாவது ஒரு நாளைக்குச் சரியாக ஒரு பேட்டரி. பழைய மாதிரி ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், ஆகவே இரண்டு வேண்டும். எடையும் பல மடங்கு.

கூரையில் 200 வாட் சோலார் தகடு போட்டால் நல்ல வெயில் நாளில் 600, 700 கிடைக்கும். தினமும் பாதி துண்டு விழும். மீதியை வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத் தனியாக ஒரு சார்ஜர். ஏர்கோனா? ஒரு குதிரைசக்தி ஏர்கோன் மணிக்கு 700 வாட்டுக்கு மேல் கேட்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு நாலைந்து பேட்டரி. அந்தப் பக்கத்தில் அப்பா ஒரே கோடாகக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் 'கேமரன் மலை' என்று எழுதியிருந்தார்.

வண்டி இஞ்சினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே அடுப்பு எரிப்பதாக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும், அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று சுவரில் இருக்க வேண்டும்.

என் கையில் இருந்த துருப்புச்சீட்டு அம்மாவின் இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனாலும் கெட்டது. பயன்படுத்திக்கொண்டிருக்கும் பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குள் நான்கு வாரம்போல வெளியே வைக்கலாம். வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார் கூலர் சுற்றியிருக்கும் வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். 35 டிகிரி வெயிலில் உள்ளே 15-க்குக் கீழே இறங்குவதே கஷ்டம். பானத்துக்குச் சரி, மருந்துக்கு ஆகாது. ஈரத்துணி, மண்பானை யோசனையும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பெரிதாகக் குளிராது. ஆகவே கம்ப்ரசர் வைத்த ஃபிரிட்ஜ்தான் வேண்டும். அது நின்றுபோனால் மாற்று வழியும் வேண்டும். இதையெல்லாம் தட்டச்சு செய்து, அச்செடுத்துக் கொண்டுபோனேன்.

அப்பா 555 புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். '2 – 8. உறையக் கூடாது. தெர்மாமீட்டர் 2.' பேட்டரிக் கணக்குக்கெல்லாம் முன்னால் எழுதியது.

மருந்து வாங்க ஒவ்வொரு மாதமும் கிள்ளானுக்குத் திரும்ப வேண்டுமே என்றேன். அதற்கு அம்மாதான் பதில் சொன்னார். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் 'எஸ்பியுபி' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. முன்கூட்டியே பதிந்துவிட்டால் அடுத்தடுத்த மாத மருந்தை நாம் சொல்லும் வேறு அரசாங்க கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். கோலலிப்பிஸ், குவா மூசாங், தும்பாட் என்று கிளினிக் இருக்கும் ஊர்களை அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் வெங்காயத்தைப் பார்த்தார்.

டேப் கட்டத்துக்குள் இருந்த இரண்டு நாளில் தெரிந்தவை கணக்கில் வராதவை. ஒருவர் நடந்தால் மற்றவர் உட்கார வேண்டும். சாதாரணக் கூரை ஹையேஸ் என்றால் ஐந்தடி அம்மாவுக்கே தலை இடிக்கும்; உயரக் கூரை வண்டிதான் வேண்டும் என்பது அங்கேயே முடிவானது. அம்மாவின் முழங்கால் தரையில் போட்ட மெத்தையிலிருந்து எழ மறுத்தது. கழிவறைப் பட்டியலில் அம்மாவின் பெயர் இரவில் மட்டும் நான்கு முறை. சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இது புதிதில்லை. ஆனால் எழுதிப் பார்க்கும்வரை எங்களில் யாரும் எண்ணியதில்லை. ஆக, உள்ளேயே கழிவறை. கழிவுத் தொட்டியைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் வகை. யார் கொட்டுவது என்பதில் மட்டும் விவாதம் இல்லை. "நாந்தான்" என்றார் அப்பா.

அடுத்த மாதம் வாடகைக்கு ஒரு கேம்பர்வேன் எடுத்து மூவரும் மோரிப் கடற்கரைக்குப் போனோம். நான் முன் இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டேன். வாடகைக்குக் கொடுத்தவர் சொன்ன இரண்டாவது பேட்டரி அதில் இல்லை. அதிகாலை மூன்றரைக்கு விசிறி நின்றது. கொசுவலையைத் திறந்தால் கொசு, மூடினால் வேர்வை. கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்லித் தந்தது மட்டும் உதவியது: வெளியேறும் வழியைப் பார்த்து வண்டியை நிறுத்து, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்து, தலைமாடு மேடாக இருக்கட்டும்.

மழை விட்டதும் பின்கதவைத் திறந்துவிட்டு நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இரவுப் பணி பார்த்தவருக்கு எங்கேயும் தூக்கம் வரும்.

"உனக்கு இதுல இஷ்டமாம்மா, இல்ல அப்பாவுக்காகவா?" என்று கேட்டேன்.

"நாந்தான் மொதல்ல சொன்னேன்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து பேச ஆரம்பித்தார். 1905-இல் கட்டிய அந்த நூறு குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். ஒரு பகுதியை இடித்துவிட்டார்கள். நான் இப்போது வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து நடக்கும் தூரம்தான். "அதுவும் நம்ம வீடு இல்ல, வேலையோட வீடு. அப்பா போவாரு, வருவாரு. நான் எங்க போனேன்? கிள்ளான் வீடும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்கள பார்த்தேன், வீட்டுல உங்கள பார்த்தேன். கால் நடக்குற வரைக்கும் போயிட்டு வரேனே. மாரான் முருகனையே டிவியிலதான் பார்த்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "உன்ன நெனச்சுதான் அப்பா சொல்லட்டும்னு விட்டேன். ஞாயித்துக்கெழம நீ எங்க வருவ?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஃபிரிட்ஜ், பேட்டரி, முழங்கால் என்று இத்தனை மாதம் நான் அடுக்கியதற்கெல்லாம் அடியில் இருந்தது அதுதான். முப்பத்து நான்கு வயதில், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பசியாற ஒரு வீடு வேண்டும் எனக்கு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு டிகிரிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதைக்கு வீட்டை விற்கவில்லை. மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, கீழே ஒன்றைப் பூட்டி வைப்பதாக முடிவு. டீசலுக்கும் கோல் கட்டணத்துக்கும் அந்த வாடகை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியதை அப்பா மறக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று அவருக்கே ஒரு விதி போட்டிருக்கிறார். உயரக் கூரை வண்டி ஒன்றைப் பார்த்தாகிவிட்டது. கட்டில், மின்சாரம் எல்லாம் பொருத்துவதற்கு முன் ஜேபிஜே அனுமதி, பிறகு பரிசோதனை. நினைத்தபடி கழற்றி மாட்டிவிட்டுச் சாலையில் இறக்க முடியாது. வேன் கனவு இருப்பவர்கள் மரவேலைக்காரரைத் தேடுவதற்கு முன் அந்தப் பாரத்தைத் தேடுங்கள்.

முதல் பயணம் மாரான். அடுத்தது காட்டு ரயில் பாதையை ஒட்டி, நிலையம் நிலையமாக. வெள்ளக் காலமான நவம்பர், டிசம்பரில் கிளந்தான் பக்கம் தலைவைப்பதில்லை என்று அம்மாவிடம் எழுதி வாங்கப்பட்டிருக்கிறது. நான் கேட்டது ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்தை அனுப்ப வேண்டும், நான் வந்துவிடுவேன்.

போன வாரம் போனபோது ஹாலில் டேப்பை உரித்துவிட்டிருந்தார்கள். தரையில் பசை மட்டும் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார், "அந்த முன் சீட்டு உனக்குப் படுக்கச் சரியா இருந்துச்சா? இல்ல மடக்குக் கட்டில் ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லவா?"

அப்பா 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, என் உயரம் எவ்வளவு என்று கேட்டார்.