டார்போல்டன்: மூன்று நிமிடத்தில் உறைந்த மெட்டு

டார்போல்டன் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் உள்ள சிற்றூர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1780இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு விவாதக் கழகம் தொடங்கிய ஊர். அந்தப் பெயரைச் சுமக்கும் நடன மெட்டை அயர்லாந்தில் ஃபிடில் கற்கிற யாரும் தவிர்க்க முடியாது. ஆனால் இங்கே யாரிடம் கேட்டாலும், "அதுவா? அது ஸ்லைகோ மெட்டாச்சே!" என்பார்கள்.

ஃபிடில் வேறொன்றுமில்லை, நம் வயலின்தான். வேலைக்காக கால்வே வந்தபோது, சின்ன வயதில் தரையில் உட்கார்ந்து கற்ற கர்நாடக வயலின் என் கையில் மிச்சமிருந்தது. 'டார்போல்டன்' ஒரு ரீல். நாலு நாலாக ஓடும் வேகமான தாளம், எட்டு எட்டு ஆவர்த்தனமாக இரண்டு பகுதி, அவ்வளவுதான். முதல்முறை கேட்டதும் எனக்கு கரகரப்ரியாவின் ஸ்வரங்கள் பிடிபட்டன. கமகம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் விரலால் தட்டிச் சுழற்றும் 'ரோல்'.

ஸ்காட்லாந்துப் பெயர் எப்படி ஸ்லைகோ மெட்டானது? காரணம் மைக்கேல் கோல்மன். 1891இல் ஸ்லைகோ மாவட்டத்தின் கிலாவில் பகுதியில் பிறந்தவர். 1914இல் அமெரிக்கா போனார். 1921லிருந்து நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். 1934இல் 'டார்போல்டன்', 'லாங்ஃபோர்ட் கலெக்டர்', 'செய்லர்ஸ் பானெட்' என்ற மூன்று ரீல்களை இடைவெளி விடாமல் ஒரே தட்டில் வாசித்தார். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். அந்த மூன்று நிமிடம் கடல் தாண்டி ஊர் திரும்பியது. இன்றைக்கும் எந்த பப்பில் 'டார்போல்டன்' ஆரம்பித்தாலும் அடுத்த இரண்டும் அதே வரிசையில் வந்துவிடும். யாரும் சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. கோல்மன் ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கும்போது அப்படியே வாசிப்பவர் அல்ல. ஒரு இடத்தில் ரோல், அடுத்த சுற்றில் அதே இடத்தில் வேறொன்று. அன்றைக்கு அந்த அறையில் கைக்கு வந்ததை வாசித்தார். அதையே பலரும் பாடம் போல மனப்பாடம் செய்தார்கள். அவரைப் போல வாசிக்க முடியாத கிராமத்து ஃபிடில்காரர்கள் தங்கள் வாசிப்பு மட்டம் என்று நினைத்து ஒதுங்கியதும் உண்டு. டோனிகாலில் வில்லைக் குட்டையாக, ஸ்வரத்துக்கு ஒன்றாக இழுப்பார்கள். கிழக்கு கிளேரில் மெதுவாக, சோகம் தொட்டு வாசிப்பார்கள். இந்த வித்தியாசங்களின் மேல்தான் அந்தத் தட்டு சுழன்றது.

எங்கள் செஷனுக்கு டோனிகால்காரப் பெரியவர் ஒருவர் வருவார். அவருடைய 'டார்போல்டன்' வேறு. இரண்டாம் பகுதி மேலே ஏறாமல் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். இளைஞர்கள் கோல்மன் வழியில் வேகம் எடுத்தால் அவர் வில்லை மடியில் வைத்துவிடுவார். கோபமெல்லாம் இல்லை. ஒருநாள் போனை எடுத்து, "பதிவு பண்ணிக்கட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? அடுத்த வாரமும் வருவேன்ல?"

ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் வாரத்துக்கு வாரம் ஏதாவது மாறியிருக்கும். "இதுல எது சரி?" என்றதற்கு, "போன வாரம் வாசிச்சது போன வாரத்துக்குச் சரி" என்றார். அடுத்த குளிர்காலத்தில் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இசைத்தட்டைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அது இல்லையென்றால் 1945இல் இறந்த கோல்மனை எனக்கு எப்படித் தெரியும்? பதிவே இல்லாத பெரியவரின் மெட்டு என் விரலில் மட்டும் இருக்கிறது. அதுவும் கர்நாடக வாடை அடிக்கும் விரல். ஒரு பதிவு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடக்கூடும். பதிவே இல்லாவிட்டாலும் அழியத்தான் செய்யும்.

போன மாதம் எங்கள் குழுவின் கல்லூரிப் பெண் ஒருத்தி அந்தக் 'கீழே சுற்றும்' வடிவத்தைக் கேட்டாள். துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் வாசித்தபோது ஒரு திருப்பம் மாறியிருந்தது. நன்றாகவே இருந்தது, திருத்தவில்லை. அவளும் போனை எடுத்து, பதிவு செய்யலாமா என்றாள். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. மூன்று வாரம், மூன்று பதிவு. எதற்கும் 'சரியானது' என்று பெயர் வைக்கக்கூடாது.