இரட்டைக் கோபுரத்தைத் தாண்டி ஒரு நாள்

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்தால் எங்கே அழைத்துப் போவது? இரட்டைக் கோபுரம், பத்துமலை, பிறகு ஏதாவது ஒரு பேரங்காடி. பல வீடுகளில் பட்டியல் இதோடு முடிந்துவிடுகிறது. 452 மீட்டர் உயரக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த ஊர் எப்படி உருவானது, அதில் நம்மவர் பங்கு என்ன என்று அவர்கள் கேட்டால், பதில் ரயில் பாதையோரம் இருக்கிறது. அதைப் பார்த்துவர ஒரு நாள் போதும்.

ஆறுகள் கூடும் இடம்

காலையில் பசியாறிவிட்டு ஜாமெக் பள்ளிவாசல் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்குங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இந்தச் சேற்று முனைதான் கோலாலம்பூருக்குப் பெயர் தந்தது. பள்ளிவாசல் 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சற்றுத் தள்ளி, 1897ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் எதிரிலுள்ள திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது.

அங்கிருந்து நடந்தே மகா மாரியம்மன் ஆலயத்துக்குப் போய்விடலாம். 1873ஆம் ஆண்டு தம்புசாமி பிள்ளை நிறுவிய ஆலயம் இது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான்.

செங்கல் சூளையில் பிறந்த பேட்டை

பக்கத்திலுள்ள பசார் செனி நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தம் கேஎல் சென்ட்ரல். வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ்.

1881ஆம் ஆண்டு ஒரு தீவிபத்தும் ஒரு வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்பு வீடுகளையும் அழித்தன. இனி செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆனது. பிறகு ரயில்வே பணிமனை வந்தது. தண்டவாளம் போட்டவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது.

பிரதான சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று 1960ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். அந்தச் சாலையில் விவேகானந்தர் ஆசிரமம் 1904ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. அதே வட்டாரத்தில் இருந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்ற பழைய அரசுக் குடியிருப்பு வரிசை இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். இருப்பதை இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மதியம் இங்கேயே வாழையிலைச் சாப்பாடு. வெயில் தாழக் கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்புங்கள்.

கிள்ளானுக்கு ரயில்

கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். ஈயம் ஏற்ற 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோலாலம்பூர் – கிள்ளான் பாதையின் வாரிசு இது. 1901ஆம் ஆண்டு துறைமுகம் வந்த பிறகு, கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் பலர் பால்மரக் காடுகளுக்குப் போனது இந்த வட்டாரத்தின் வழியாகத்தான்.

கிள்ளான் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தெங்கு கிளானா சாலை. பூமாலை, சேலை, முறுக்கு, மசாலை என்று ஒரே வாசம். இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941ஆம் ஆண்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவை அவர்கள் கேட்டவை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனை அரசு கைது செய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று இந்தச் சாலையில் மாலை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விருந்தினர் வந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்புங்கள். காலணி நடப்பதற்கு வசதியாக இருக்கட்டும். குடையும் தண்ணீரும் அவசியம். தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், கட்டாயம் அழைத்துப் போங்கள். ஓடும் ரயிலின் சன்னல் வழியே, “அந்த வீடமைப்புப் பகுதி இருக்கே, அங்கேதான் எங்க லயம் இருந்துச்சு” என்று அவர்கள் காட்டக்கூடும். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த இடம் இருக்காது.