இரண்டாயிரம் லைக், நாலு அபாயா



நோன்பு நெருங்குகிறது. நமதூரில் வீட்டிலிருந்து தைப்பவர்கள், கேக் செய்பவர்கள், மசாலாத் தூள் அரைத்து விற்பவர்கள் எல்லாம் இந்த நாட்களில் "ஒரு பூஸ்ட் போட்டுப் பாப்பமா" என்று யோசிப்பார்கள். போட முன்னர் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பிழை என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ராத்தா காத்தான்குடியில் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு அபாயா தைக்கிறார். போன நோன்புக்கு முன் அவருக்குச் சீட்டு விழுந்தது. பெருநாளைக்கு நிதா துணி எடுக்க வைத்திருந்த காசு. "தம்பி, நீ மாஸ்டர்தானே, இந்த விளம்பரத்த ஒருக்கா போட்டுத் தாவேன்" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். என் வங்கி அட்டையைக் கொடுத்து நானே போட்டேன்.

ஒரு நாளைக்கு 7 டொலர், 7 நாட்கள். 7 என்று பார்க்கும்போது சின்னத் தொகையாகத் தெரிந்தது. டொலர் 300 ரூபாயளவில் இருந்த நேரம். வங்கிக் கட்டணத்தோடு 15,000 ரூபாய் போனது. இடம் கேட்டது, முழு இலங்கையையும் கொடுத்தேன். வயது 18 முதல் 65 வரை. ஆண், பெண் எல்லாரும். நிறையப் பேர் பார்த்தால் நிறைய விற்கும் என்பது என் கணக்கு.

ஒரு கிழமையில் 2,000க்கு மேல் லைக். ராத்தா ஒவ்வொரு இரவும் போனை எடுத்துப் பார்த்துச் சிரிப்பார். நாலாம் நாள் கேட்டார்: "இத்தின பேருக்குப் புடிச்சிருக்கு, ஆனா ஒருத்தரும் எடுக்கல்லியே தம்பி?" லைக் போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். பாதிப்பேர் ஆண்கள். "விலை என்ன?" என்று கேட்டவர்கள் விலையைச் சொன்னதும் காணாமல் போனார்கள். கடைசியில் ஐந்து ஓடர் வந்தது. அதில் ஒன்று காசு கொடுக்காமலே திரும்பி வந்தது. கூரியர் செலவும் நம் தலையில்.

இந்தத் தளங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நாம் எதைக் கேட்கிறோமோ அதையே தேடித் தரும். லைக் கேட்டால், எதைக் கண்டாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். அவர்கள் வாங்குவார்களா என்பது அதன் கவலையல்ல. 2012இல் பிபிசி செய்தியாளர் ரோரி செல்லன்-ஜோன்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். இணையம் வழியாக ரொட்டி அனுப்புவதாகச் சொல்லும் ஒரு போலிப் பக்கத்தை பேஸ்புக்கில் தொடங்கி விளம்பரம் கொடுத்தார். விற்க அங்கே ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் எகிப்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து லைக் வந்து குவிந்தது. பொருளே இல்லாத கடைக்கே அவ்வளவு லைக் என்றால், நமக்கு வந்த 2,000க்கு என்ன பெறுமதி?

நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு இலாபம் நட்டம் படிப்பிக்கிறேன். அந்தக் கணக்கை விளம்பரம் போட முன் ஒரு தாளில் செய்திருந்தால் போதும். ஒரு அபாயா 4,500. துணி, நூல், லேஸ், பை எல்லாம் 3,000. மிச்சம் 1,500. அதுகூட இலாபம் இல்லை, ராத்தாவின் தையற்கூலி. 15,000ஐ 1,500ஆல் பிரித்தால் 10. அதாவது முதல் பத்து அபாயாவையும் ராத்தா சும்மா தைத்துக் கொடுத்தால்தான் விளம்பரக் காசு மீளும். விற்றது நாலு. 6,000 வந்தது, 9,000 போனது.

காசு போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. நோன்பின் கடைசிப் பத்தில் பக்கத்துத் தெருப் பெண்கள், வழமையாகத் தைப்பவர்கள், வீடு தேடி வந்தார்கள். துணி இல்லை. சீட்டுக் காசில் பாதிக்குத்தான் துணி எடுக்க முடிந்தது. விளம்பரம் இல்லாமலே நடந்து வந்த வாடிக்கையாளர்களை ராத்தா வாசலில் நின்று திருப்பி அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். அதற்குப் பிறகும் மாதாமாதம் சீட்டுக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

விளம்பரமே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. போடுவதானால்:

லைக்கைக் கேட்காமல் மெசேஜ் வரும்படி தெரிவு செய்யுங்கள். விலையையும் அளவையும் பதிவிலேயே எழுதுங்கள். நீங்கள் பொருளைக் கொண்டு சேர்க்கக்கூடிய ஊர்களை மட்டும் கொடுங்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை என்றால் அவ்வளவுதான். முடியும் திகதியையும் மொத்தத் தொகையையும் போடாமல் தொடங்காதீர்கள். முதலில் 1,000, 2,000 ரூபாயோடு பாருங்கள். சம்பளம் விழும் அட்டையைக் கொடுக்காமல், அந்தத் தொகை மட்டும் உள்ள அட்டையைக் கொடுங்கள். வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு கொப்பியில் குறியுங்கள்.

ராத்தா இப்போது அப்படிக் குறிக்கிறார். அதிகம் வரும் பதில், "உங்ககிட்ட தைச்சவங்க சொன்னாங்க."

மூலதனக் காசில் மட்டும் கை வைக்காதீர்கள். துணியை முதலில் எடுங்கள். மிஞ்சினால் விளம்பரம்.

யாராவது போட்டுப் பயனடைந்திருந்தால் உங்கள் கணக்கையும் கீழே எழுதுங்கள். ராத்தாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.