இலவசக் கல்வியின் கடைசி வரிசை

இலங்கையில் இலவசக் கல்வி என்றதும் எவர் வாயிலும் முதலில் வருவது சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயர். அது தகும். 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் அவர். அவரது தலைமையில் இயங்கிய விசேட குழு 1943இல் தந்த அறிக்கையின் பயனாகவே, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. தாமே புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்தவராகையால், கட்டணம் என்ற மதிலின் உயரம் அவருக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவும் செய்தவரை 1947 பொதுத் தேர்தலில் மத்துகம வாக்காளர்கள் தோற்கடித்தார்கள் என்பது வேறு கதை.

நான் சொல்ல வந்தது, இந்தக் கல்விக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி. அக்காலத்தில் அரசின் வருவாயில் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தென்னை ஏற்றுமதியிலிருந்தே கிடைத்தது. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பிலிருந்து தீவெங்கும் பாடசாலைகள் எழுந்தன. அக்கைகளுக்குரியோரின் பிள்ளைகளோ, தோட்ட நிர்வாகம் நடத்திய ஓரறைப் பாடசாலையில், பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம், சில ஆண்டுகள் எழுதவும் வாசிக்கவும் பழகிவிட்டு மலையேறினார்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்ட எந்த அரசியல்வாதி ஓடிவருவார்? நாட்டின் ஏனைய பாடசாலைகள் 1960, 61இல் அரசுடைமையாகின. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்றது 1970களில்தான். அதன் பின்னரும் கட்டடத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் சுவீடனும் ஜேர்மனியும் உதவ வேண்டியிருந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவ்வாறு ஜேர்மனியின் உதவியுடன் எழுந்ததே.

புலமைப்பரிசில் விடயமும் இத்தகையதுதான். தரம் ஐந்துப் பரீட்சை வறிய கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடிப்பிடிக்கும் வலை என்றே கருதப்பட்டது. பெறுபேறு வெளியாகும் நாட்களில் பத்திரிகைக் காரியாலயத்துக்கு வரும் கடிதங்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். கழுத்துப்பட்டி அணிந்த பிள்ளையின் படம், பெற்ற புள்ளி, பாடசாலையின் பெயர், பெற்றோரின் உத்தியோகம். ஆசிரியர், வைத்தியர், வங்கி முகாமையாளர் என்றே அந்த உத்தியோக வரிசை நீளும். அவர்களின் பிள்ளைகளும் கெட்டிக்காரர்களே. அவர்களில் எனக்கொரு குறையுமில்லை. ஆயினும் மூன்றாம் வகுப்பிலிருந்தே ரியூசனுக்கு அனுப்ப வசதியுள்ள வீடும், வகுப்பாசிரியர் வராத நாட்கள் மலிந்த மலைப் பாடசாலையும் ஒரே வினாத்தாளில் சந்திக்கும்போது, அங்கு அளக்கப்படுவது பிள்ளையின் மூளை மட்டுமன்று. உதவிப்பணம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே உரியது என்பதால், சித்தியடைந்த பலர் அதனைப் பெறுவதில்லை. அவர்கள் நாடுவது நகரத்துப் பிரபல பாடசாலையின் இடத்தை. உதவிப்பணம் தேவைப்படும் பிள்ளைதான் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிடுகிறது.

பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவானது. வர்த்தகக் கண்காட்சிகளாலும் லொத்தர் வருவாயாலும் வளர்ந்த நிதியம் அது. பேருந்து நிலையத்தில் கூலித் தொழிலாளி வாங்கும் சீட்டு யாரோ ஒரு மாணவனின் விடுதிச் சாப்பாடாகிறது என்பதை நினைத்தால் சிரிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. எனினும் கிராமத்திலிருந்து பேராதனைக்கும் கொழும்புக்கும் போன எத்தனையோ பிள்ளைகளைப் பட்டம்வரை கொண்டுசேர்த்தது அப்பணமே.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை மாதம் 7,500 ரூபாவாகவும் தரம் ஐந்து உதவிப்பணத்தை 1,500 ரூபாவாகவும் உயர்த்துவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் கொப்பிகளும் சப்பாத்தும் விற்ற விலையில் 1,500 ரூபா எத்தனை நாளைக்குக் காணும் என்பதை எந்தத் தாயிடமும் கேட்டுப் பார்க்கலாம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கல்விக்கு 4 முதல் 6 சதவீதம் ஒதுக்குமாறு யுனெஸ்கோ கூறுகிறது. நமது அரசுகள் அண்மைக் காலங்களில் ஒதுக்கி வந்தது 2 சதவீதத்தை ஒட்டியே. அந்த இரண்டிலும் மலையகத்துப் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியரும் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் முதலில் போகட்டும். பரீட்சையைத் திருத்துவது பற்றிப் பிறகு பேசலாம்.